சாராள் நிற்காத முச்சந்தி

பிரசவ விடுதிக்கு லேடீஸ் சைக்கிள் வந்து இறங்கிய அன்று, கூடியிருந்தவர்கள் முதலில் சைக்கிளைப் பார்த்தார்கள், பிறகு சாராளைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். சைக்கிள் உயரம். மிட்வைஃப் சாராள் குள்ளம். சீட்டை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவும் இறக்கியாயிற்று. ஏறி உட்கார்ந்தால் பெடல் எட்டியது, தரை எட்டவில்லை.

ஆனாலும் ஓட்டுவது அவளுக்குப் பிடித்துப்போனது. விடுதி வாசற்படியை ஒட்டி சைக்கிளைச் சாய்த்து, படியிலிருந்து ஏறிக்கொள்வாள். போய்ச் சேரும் இடத்தில் ஒரு கல்லையோ மேடையையோ பார்த்துக் காலை ஊன்றி இறங்குவாள். ஒற்றைக் காலால் உந்திக்கொண்டே ஓடி ஏறும் வித்தை மட்டும் வரவில்லை. ஒருமுறை முயன்றதில் வெள்ளைப் புடவை சங்கிலிக்குள் போய்விட்டது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சாராளின் அப்பா செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸ் வேலைக்குப் பழகி, செங்கல்பட்டுக்கு வந்தவள். பிள்ளை வலி எடுக்கும்போது அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கும் சில வீடுகள், பிள்ளை பிறந்த பிறகு கொல்லைப்புற வழியைக் காட்டும். சைக்கிள் மேல் இருக்கும்போது மட்டும் அவளை யாரும் இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று சொன்னதில்லை.

அப்படித்தான் ஐம்பத்தைந்தாம் வருஷம் வரைக்கும் இருந்தது. அந்த வருஷம், திருக்கழுக்குன்றம் ரோடு வந்து பெரிய ரோட்டில் சேரும் முச்சந்தியில் வட்டமாக ஒரு மேடை கட்டி, மேலே குடை வைத்து, சுப்பிரமணி என்ற கான்ஸ்டபிளை ஏற்றி நிறுத்தினார்கள். மெட்ராசில் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவன். சிவப்புத் தலைப்பாகை, விறைப்பான அரை டிராயர். அவன் கையைத் தூக்கினால் பஸ் நின்றது, லாரி நின்றது, குதிரை வண்டி கொஞ்சம் தள்ளி நின்றது. சைக்கிள்காரர்களுக்குத்தான் சந்தேகம். சைக்கிள் வண்டியா, இல்லை நடக்கிற மனுஷன் கணக்கா? டீக்கடையில் இதைப் பற்றித் தினமும் பேச்சு நடந்தது.

"மோட்டார் இருந்தாத்தான் வண்டி" என்றார் ஒருவர்.

"அப்போ மாட்டு வண்டிக்கு இன்னா மோட்டாரா கீது?" என்றார் இன்னொருவர்.

சுப்பிரமணிக்குச் சந்தேகம் இல்லை. சக்கரம் இருந்தால் நிற்க வேண்டும். முதல் வாரத்திலேயே சாராளை நோக்கியும் கை உயர்ந்தது. அவள் பிரேக்கைப் பிடித்துச் சாய்ந்து குதித்தாள். சைக்கிளை விழாமல் பிடித்துக்கொண்டாள். அவன் கை இறங்கியதும் மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் மட்டும் நடுரோட்டில், ஏறுவதற்கு ஒரு கல் தேடி நின்றாள். பீடிக்கடை பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவன், "தூக்கி வுடட்டுமா?" என்றான். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். தபாலாபீஸ் படி வரும்வரை ஏற முடியவில்லை. மேடை மேலிருந்து சுப்பிரமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் அதே நேரம். அவன் கை தூக்கியிருந்தது. சாராள் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்கத்தான் நினைத்தாள், கை பிரேக்குக்குப் போகவில்லை. சுப்பிரமணியின் தலை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அவள் தாண்டிப் போனாள். விசில் சத்தம் வரவில்லை.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கை தூக்கியிருக்கும், அவள் போவாள். ஒரு சைக்கிள்காரன் நின்ற இடத்திலிருந்தே கத்தினான்: "அவங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?"

"ஆஸ்பத்திரி அவசரம்யா" என்றான் சுப்பிரமணி.

ஆனால் எப்போதும் அவசரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போதும் நிற்பதில்லை. கொஞ்ச நாளில் அவள் பின்னால் ஒன்றிரண்டு சைக்கிள்கள் ஒட்டிக்கொண்டு தாண்ட ஆரம்பித்தன. பிறகு நாலைந்து. தாய்ப்பசு பின்னால் கன்றுக்குட்டிகள் போவது மாதிரி. சுப்பிரமணி விசில் ஊதுவதற்குள் அவர்கள் அந்தப் பக்கம் போயிருப்பார்கள்.

சாராளின் புருஷன் சின்னராசு ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளத்தைத் திருப்பி விடுகிற வேலை. அவனிடம் அவள் இதைச் சொன்னபோது அவன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சிக்னல் வுழலேன்னா ரயிலே நிக்குது. ஆயிரம் பேரு உள்ள கீறான், கலெக்டரே கீறாரு, நிக்குது. நீ இன்னா?"

"ரயிலு ஏற கல்லு தேடாது" என்றாள் சாராள். "நீ ரயில்வே கேட்டு மூடியிருக்க சொல்ல சைக்கிளைச் சாய்ச்சி அடியில நுழைஞ்சி வரியே, அது இன்னா?"

"அது வேற."

"எப்படி வேற?"

சின்னராசு யோசித்தான். "எனக்கு ரயிலு எப்ப வரும்னு தெரியும்" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே அது சரியான பதிலா என்று தெரியாதவன் போல மோரை ஊற்றிக்கொண்டான்.

ஒரு காலை வேளை. சாராள் அன்று நிஜமாகவே அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் பக்கம் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு வெகு நேரம் ஆகிவிட்டதாக ஆள் வந்திருந்தது. முச்சந்தியில் கை தூக்கியிருந்தது. பக்கத்து ரோட்டிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று திரும்புவதற்காக வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்தாள், மிதித்தாள், தாண்டிவிட்டாள்.

பின்னால் ஒரு சத்தம். தகரம் நசுங்கும் சத்தம், அப்புறம் ஒரு மனுஷன் குரல்.

அவளால் உடனே நிற்க முடியவில்லை. குதித்தாள், விழுந்தாள், முழங்கை சிராய்த்தது. சைக்கிளைக் கிடந்தபடி விட்டுவிட்டு ஓடினாள். ரோடு முழுக்கத் தேயிலைத் தூள். வெயிலில் அதன் வாசனை குப்பென்று எழுந்தது. நடுவில், அவள் பின்னாலேயே தாண்ட வந்த பஷீருதீன் கிடந்தார். புதுப்பட்டினத்துக்காரர். செங்கல்பட்டில் தேயிலைத் தூள் எடுத்துப்போய் மகாபலிபுரம் வரைக்கும் கடற்கரை ஊர் டீக்கடைகளுக்கெல்லாம் போடுகிறவர். சைக்கிளின் பின் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

சாராள் லாரியிலிருந்து நேரான இரண்டு சவுக்குக் குச்சிகளை உருவச் சொன்னாள். தன் பையில் இருந்த துணியைக் கிழித்துக் காலோடு சேர்த்துக் கட்டினாள். கட்டும்போது பஷீருதீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கை காட்னாங்களா சிஸ்டர்? நிக்கச் சொன்னாங்களா, போவச் சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள், "பேசாதீங்க, அசையாதீங்க" என்றாள்.

மேடையில் சுப்பிரமணி கையைத் தூக்கியபடியே நின்றான். மூன்று ரோட்டிலும் வண்டிகள் நின்றன. "யோவ், கையை எறக்குய்யா!" என்று யாரோ கத்திய பிறகுதான் இறக்கினான்.

பஷீருதீனைக் குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு சாராள் ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்கு நடந்தே போனாள். அங்கே பெண் குழந்தை ஏற்கெனவே பிறந்து, தாயின் மார்மேல் கிடந்தது. "நீ வராமயே ஆயிட்சி" என்று அந்த வீட்டுக் கிழவி பெருமையாகச் சொன்னாள். சாராள் தொப்புள்கொடியைச் சரியாகக் கட்டிவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து சுப்பிரமணி விடுதிக்கு வந்தான். வேட்டி சட்டையில் இருந்ததால் அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைப்பாகை இல்லாமல் சின்னப் பையன் மாதிரி இருந்தான். வேப்பமரத்தடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நர்சம்மா, எஸ்.ஐ. உங்கள கூப்டு கேப்பாரு."

"தெரியும்."

"பொய் சொல்லச் சொல்லி வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." குரலைத் தாழ்த்தினான். "நான் தலையாட்டினேனா?"

சாராள் அவனையே பார்த்தாள். "அதைத்தான் நான் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"எனக்குத் தெர்லம்மா. முத நாளு நீங்க தள்ளிகினு போனது பாக்க ஒரு மாதிரியா இருந்திச்சி. மறுநாளு நீங்க வரசொல்ல, இவங்கள மறுபடியும் எறக்கணுமான்னு நெனச்சேன். நெனச்சது ஞாபகம் கீது. ஆட்டினது ஞாபகம் இல்ல."

"ஆட்டின மாதிரிதான் இருந்தது."

"மாதிரியா? இல்ல ஆட்டினேனா?"

"எனக்குத் தெரியலேங்க. வெயிலு. குடை நிழல் வேற உங்க மூஞ்சி மேல இருந்தது."

"அப்போ நான் ஆட்டலேன்னா, நீங்க ஏன் போனீங்க?"

"நீங்க ஆட்டலேன்னா, விசில் ஏன் ஊதல?"

சுப்பிரமணி கீழே கிடந்த வேப்பம்பழம் ஒன்றைக் காலால் உருட்டினான். பிறகு அவன், "பேஜாராப் பூட்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். எஸ்.ஐ.யிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று அவன் கடைசிவரை கேட்கவே இல்லை.

எஸ்.ஐ. கேட்டபோது சாராள், "தெரியலே" என்றாள். அவருக்குக் கோபம் வந்தது.

"போகச் சொன்னான்னு சொல்லு, இல்லே சொல்லலேன்னு சொல்லு. தெரியலேன்னா நான் எப்படிம்மா எழுதறது?"

"கை தூக்கியிருந்தது சார். நான் போனேன். அதை எழுதுங்க."

அவர் அதை எழுதினார். அவள் மீதும் வழக்கு வந்தது.

பஷீருதீன் கட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சாராள் புதுப்பட்டினத்துக்கு பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. காலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சின்னராசுவிடம் சொல்லியிருந்தாள். அவர் என்ன பார்த்தார் என்று கேட்கத்தான் நிஜமாகப் போனாள். அவராவது தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும். தப்பு தன்னுடையதாகவே இருந்தாலும் பரவாயில்லை.

பஷீருதீன் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவருடைய மனைவி அக்தர் பேகம் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாராளுக்கு முன்வாசல் அறையிலேயே பாய் விரித்து, தேநீர் கொடுத்தாள். பையில் மிச்சம் இருந்த தூள் போல. நல்ல கெட்டியாக இருந்தது. சாராள் காலைத் தொட்டுப் பார்த்தாள். விரல்களை அசைக்கச் சொன்னாள். அசைந்தன.

"பாய், அன்னைக்கு நீங்க போலீசைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் பஷீருதீன். "வா வான்னு கை காட்னாரு."

"கை தூக்கித்தானே இருந்தது?"

"தூக்கியா இருந்திச்சி?" அவர் கூரையைப் பார்த்தார். "வக்கீல் குமாஸ்தா சொன்னாரு, போலீஸ் வான்னு காட்னதாத்தான் சொல்லணும், இல்லாட்டி தப்பு உன் தலையில வுழும்னு. நானும் வரவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லி... இப்ப கண்ண மூடினா அவரு வான்னு காட்டற மாதிரியே தெரியுது."

அக்தர் பேகம் குறுக்கிட்டாள். "ஆஸ்பத்திரியில மொத நாளு இன்னா சொன்னீங்க? போலீசையே பாக்கல, சிஸ்டர் சைக்கிளு பின்சக்கரத்தப் பாத்துகினே வந்தேன்னீங்க."

"சொன்னேனா?"

"சொன்னீங்க. அவங்க கெணத்துல வுழுந்தா நீங்களும் வுழுவீங்களான்னு நான் கேட்டேன்."

பஷீருதீன் சங்கடப்பட்டுச் சாராளைப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். உங்க பின்னால வந்தா எப்பவும் ஒண்ணும் ஆவாது. அதான்."

"அப்போ நான்தான் காரணம்."

"அப்டிச் சொல்லல."

"அது மட்டும் இல்ல தங்கச்சி" என்றாள் அக்தர் பேகம், டம்ளரை வாங்கிக்கொண்டே. "காலைக் கட்டி வுட்டதும் நீங்கதானே. அந்தக் கட்டு இல்லேன்னா கால எடுத்திருப்போம்னு டாக்டரு சொன்னாரு. நான் உங்கள திட்டறதா, உங்களுக்கு துவா செய்யறதா? ரெண்டும்தான் செஞ்சிகினு கீறேன்."

சாராள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கடல் இரைச்சல் கேட்டது. கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. வந்தபோது இருந்ததைவிட இப்போது குழப்பம் அதிகமாகத்தான் இருந்தது.

கோர்ட்டில் கூட்டம். சைக்கிள்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சாராளைப் பார்த்தார்.

"கை தூக்கியிருந்ததா?"

"தூக்கியிருந்தது ஐயா."

"ஏன் நிற்கவில்லை?"

"என்னைக்கும் நிக்கறதில்லே."

"நிற்க வேண்டாம் என்று யார் சொன்னது?"

"யாரும் சொல்லலே."

"போகலாம் என்று யாராவது சொன்னார்களா?"

"அதுவும் யாரும் சொல்லலே ஐயா."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் அதை அடக்கிவிட்டு, "சைக்கிளும் வண்டிதான் என்று தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியும். நின்னா மறுபடி ஏற முடியாது."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். சின்னராசு மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஏற முடியாத வண்டியை ஒருவர் ஏன் ஓட்ட வேண்டும் என்று கேட்கப் போகிறவர் போல வாயைத் திறந்தார். பிறகு, நடந்தே போனால் பிரசவத்துக்கு எப்போது போய்ச் சேருவது என்ற பதில் வரும் என்று தோன்றியதோ என்னவோ, மூடிக்கொண்டார்.

தீர்ப்பில் தப்பு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போடப்பட்டது. சாராளுக்கு அபராதம். பஷீருதீனுக்கும் அபராதம். திருப்பத்தில் வேகமாக வந்ததற்காக லாரி டிரைவருக்கும் அபராதம். கண்டிப்புடன் நடந்துகொள்ளவில்லை என்று சுப்பிரமணியை மேடையிலிருந்து இறக்கி, செய்யூர் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அவன் சொந்த ஊர்ப் பக்கம். தண்டனையா, சலுகையா என்று அவனுக்கே தெரியவில்லை என்று சின்னராசு கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

அதன் பிறகு சாராள் முச்சந்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிடுவாள். கை தூக்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போய், அந்தப் பக்கம் தபாலாபீஸ் படியில் ஏறிக்கொள்வாள். பீடிக்கடை பெஞ்சில் முதலில் பேச்சு எழுந்தது. ஒரு வாரத்தில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று சின்னராசு கேட்டான். செய்திருக்கலாம்தான். ஏன் செய்யவில்லை என்று அவள் பலமுறை யோசித்துப் பார்த்தாள். அந்தப் பெஞ்சின் சிரிப்பு ஒரு மனுஷன் காலைவிடப் பெரிதாக இருந்ததா? அப்போது அப்படித் தோன்றவில்லை. அப்போது கால் எதுவும் உடைந்திருக்கவில்லை.

மேடைக்குப் புதிதாக வந்தவர் மீசை நரைத்த ஏட்டு. வழக்கைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். வந்த முதல் வாரமே ஒரு மத்தியானம், சாராள் ஓரமாக இறங்கி நிற்பதைப் பார்த்தார். உடனே இரண்டு கையையும் விரித்து மூன்று ரோட்டையும் நிறுத்திவிட்டார். பஸ் ஒன்று குலுங்கி நின்றது. பின்னால் இரண்டு லாரிகள்.

"நர்சம்மா, ஏறி ஓட்டிகினு வாங்க! பிள்ளை காத்துகினு கீதா? நீங்க வாங்க!"

சாராள் திகைத்து நின்றாள். எந்தப் பிள்ளையும் காத்திருக்கவில்லை. வீட்டில் பழைய சோறுதான் காத்திருந்தது. "இல்லே, சும்மா வீட்டுக்குத்தான்" என்றாள். இஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"வாங்கம்மா, நான்தானே சொல்றேன்!"

போலீஸ் சொன்னால் போக வேண்டும் என்பது சட்டம். ஆனால் இது சட்டமா, தயவா? வீட்டுக்குத்தான் போகிறேன் என்று தெரிந்தால் அவர் நிறுத்தியிருப்பாரா? பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுச் சைக்கிள்கள், ஒவ்வொருவரும் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி. அவர்களில் ஒருவர் முன்னால் குனிந்து மரியாதையாகக் கேட்டார்:

"நர்சம்மா, நமக்கும் சேத்துத்தான் சொல்றாரா?"

"என்னைக் கேக்காதீங்க" என்றாள் சாராள். "அவரைக் கேளுங்க."

ஏட்டையாவின் கைகள் விரிந்தபடியே இருந்தன. அவருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. மொத்தச் செங்கல்பட்டும் தனக்காக நிற்பது போல அவளுக்கு இருந்தது. அவள் ஏறவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஏறக்குறைய ஓட்டமாக, ரோட்டைக் கடந்தாள். பின்னால் பெடல்களும் சங்கிலிகளும் கிளம்பும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.